மூன்று முறை செத்த பாலிசி

அத்தியாயம் 4

துப்பறியும் அலுவலகத்துக்கு ஆள் வருவதே அபூர்வம். வந்தவர் உட்காருவதற்கு முன் நாற்காலியைப் பரிசோதிப்பது அதைவிட அபூர்வம். அன்று காலை வந்த மனிதர் குனிந்து நாற்காலியின் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பின்பக்கத்துக் கால் ஒன்று லேசாக ஆடுவதைக் கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அந்த நாற்காலியிலேர்ந்து யாராவது விழுந்தா தப்பு உங்க பேர்லதான் வரும்," என்றார்.

"இதுவரைக்கும் எங்க பீஸைக் கேட்டுத்தான் சார் விழுந்திருக்காங்க," என்றான் ஓட்டைவாயன்.

ரகசியம் காக்க வேண்டிய தொழிலில் இப்படி ஒரு பட்டப்பெயர் உள்ளவனை யாராவது வேலைக்கு வைப்பார்களா என்று கேட்கலாம். அலுவலகத்தை நடத்தும் மேடம் வைத்திருந்தார். இவன் எதையாவது உளறினால் எதிரில் இருப்பவன் பதறிப்போய் அதைவிடப் பெரிதாக உளறுவான் என்பது அவர் கணக்கு. பத்துக்கு ஆறு தடவை அந்தக் கணக்கு சரியாக வரும். மீதி நாலு தடவை இருவரும் மாடிப்படியில் வேகமாக இறங்க வேண்டியிருக்கும்.

மேடம் துப்பறிவாளராவதற்கு முன் விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகள் பிரிவில் இருந்தவர். யாருடையது என்று தெரியாத பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. பல வருஷம் அதைச் செய்ததில் மனிதர்களைப் பார்த்தாலும் உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

"சொல்லுங்க சார். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலதானே இருக்கீங்க?" என்றார் மேடம்.

வந்தவர் அசந்துபோகவில்லை. "நாற்காலியைப் பார்த்ததை வெச்சு சொல்றீங்க. சரிதான். கிளெய்ம் பிரிவு. இழப்பீடு கேட்டு வர்ற விண்ணப்பத்தைப் படிச்சு, கொடுக்கலாமா கூடாதான்னு முடிவு பண்றது என் வேலை."

"கொடுத்திருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆபீஸ்ல எனக்கு 'முடியாது சார்'னு பேர்," என்றார் அடக்கமாக.

முடியாது சாரின் கதை இதுதான். அவருக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் ஒரு வருஷம் வேலையும் பார்த்து ஊரும் சுற்றிவிட்டு வர ஒரு விசா இருக்கிறது, இளவயதுக்காரர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். அவள் சம்பளத்தில் சேர்த்துவைத்து, தானே விண்ணப்பித்து, கிட்டத்தட்ட வாங்கியும் விட்டாள். பயண இன்ஷூரன்ஸ் பாலிசியைக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கிக் கொடுக்கிற பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார்.

"மூணு கம்பெனியில மூணு பாலிசி எடுத்தேன் மேடம். ஒவ்வொண்ணும் எடுத்த கொஞ்ச நாள்ல யாரோ ரத்து பண்ணிடறாங்க. பணம் முழுசா என் கணக்குக்குத் திரும்பி வந்துடுது."

"பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற திருடனை இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றான் ஓட்டைவாயன். "பிடிச்சா எனக்கும் ஒரு தடவை அறிமுகப்படுத்துங்க."

"எப்படி ரத்து பண்றாங்க?"

"வாங்கின புதுசுல பிடிக்கலைன்னா ரத்து பண்ணிக்கலாம். அதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. மெஷின்தான் பேசும். பாலிசி நம்பரையும் பிறந்த தேதியையும் அழுத்தினா போதும். மூணு தடவையும் எங்க வீட்டு போன்லேர்ந்துதான் கூப்பிட்டிருக்காங்க. நான் இருக்கேன், என் மனைவி இருக்கா, பொண்ணு இருக்கா. அப்புறம் என் மச்சினன். அவன்தான் இந்தப் பாலிசி எல்லாம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட். தினம் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், எங்க போன்ல ஊரெல்லாம் பேசுவான், போவான்."

"உங்க கம்பெனியிலேயே ஒண்ணு எடுத்திருக்கலாமே?"

"எங்க கம்பெனியிலயா?" முடியாது சார் முதல்முறையாகத் திடுக்கிட்டார். "நான் அங்க வேலை பார்க்கறேன் மேடம். எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் மகளுக்குப் பிறந்த நாள். அதோடு அந்த விசாவுக்கான வயது வரம்பு முடிகிறது. அதற்கு முன் பாலிசியைக் காட்ட இன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் விசா கவுன்டர் மூடுவதற்குள் பாலிசியைக் காட்டாவிட்டால் அந்தக் கதவு அவளுக்கு இனி எப்போதும் திறக்காது.

"நாலாவதா ஒண்ணு எடுத்துக் காட்டிட வேண்டியதுதானே?" என்றான் ஓட்டைவாயன்.

"காட்டிடலாம். அவ விமானம் ஏறினப்புறம் அதையும் யாராவது ரத்து பண்ணிட்டா? ஏதோ ஒரு ஊர்ல, கையில பாலிசியே இல்லாம நிப்பா. ஆள் யாருன்னு தெரியாம அவளை நான் அனுப்ப மாட்டேன்." குரல் லேசாகத் தடுமாறியது. அதை மறைக்க அவர் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலை ஆட்டினார்.

---

முடியாது சாரின் வீட்டில் தரை விரிப்புகளின் நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருந்தன. குளியலறை வாசலில் வழுக்காத பாய் கிடந்தது. தீயணைப்புக் கருவி சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று.

"வீடா இது, விமானமா?" என்று ஓட்டைவாயன் காதோடு கேட்டான். மேடம் அவன் காலை மிதித்தார்.

மகளின் அம்மா அவர்களை வாய் நிறைய வரவேற்றார். மகள் வெளிநாட்டுக்கு விவசாய ஆராய்ச்சிக்காகப் போகிறாள் என்றார்.

"பழம் பறிக்கப் போறேன்," என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

"தோட்டக்கலை," என்று அம்மா திருத்தினார். "அது முடிஞ்சதும் ஹோட்டல் நிர்வாகம்."

"ரூம் கூட்டித் துடைக்கணும் சார்," என்றாள் மகள் ஓட்டைவாயனிடம். "இங்க என் ரூமையே அம்மாதான் கூட்டறாங்க. அதான் சொந்தக்காரங்ககிட்ட நிர்வாகம்னு சொல்றாங்க."

அவளுக்குச் சிரித்த முகம். யாரோ தன் பாலிசியைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்பதற்காக அவள் பெரிதாகப் பதறியதாகத் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பெண், தைரியசாலி என்று ஓட்டைவாயன் மனதுக்குள் குறித்துக்கொண்டான். இப்படி அவன் குறித்துக்கொள்பவை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

மேடம் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பழைய தொழில் விடுமா. கட்டிலின் மேல் பெட்டி பாதி அடுக்கித் திறந்திருந்தது. இரண்டு சுருள் கட்டுத்துணி, மூன்று அளவில் பிளாஸ்திரி, டார்ச் லைட், விசில், இருட்டில் மின்னும் மஞ்சள் மேலங்கி, முழங்காலுக்குப் போடும் உறை. இதற்கெல்லாம் நடுவில் இடம் கிடைக்காமல் நாலு சட்டை.

"யார் அடுக்கினது?"

"நான்தான்," என்றாள் மகள்.

"அப்பா சொன்னாரா இதெல்லாம் எடுத்துக்கச் சொல்லி?"

"இல்ல. நானேதான்."

எல்லாவற்றுக்கும் மேலே வெயிலுக்குப் போடும் ஒரு அகலத் தொப்பி இருந்தது. மேடம் அதை எடுத்து உள்பக்கம் பார்த்தார். பட்டையில் வியர்வைக் கறை. இன்னும் புறப்படவே இல்லாத பயணத்துக்கு வாங்கிய தொப்பியில் எப்படி வியர்வை வந்தது என்று ஓட்டைவாயன் கேட்க வாயெடுத்தான். அதற்குள் கூடத்திலிருந்து முடியாது சார் சாப்பிடக் கூப்பிட்டார். அன்று மதியத்துக்குப் பிறகுதான் அவருக்கு ஆபீஸ்.

மேசையில் தட்டு வைத்ததுமே முடியாது சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மனைவி கரண்டியோடு பெருமூச்சு விட்டார். "இவர் சாப்பிட உட்கார்ந்தா யாராவது ஒருத்தர் செத்தாகணும்."

"செத்தவன் இல்ல, இவன் கால் ஒடிஞ்சவன்," என்று முடியாது சார் மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஆப்பிள் பறிக்கப் போனான் மேடம். நல்ல பாலிசி. பழம் பறிக்கிற வேலைக்கு கவர் உண்டுன்னு தெளிவா போட்டிருக்கு. ஏணியிலேர்ந்து விழுந்துட்டான். ஆஸ்பத்திரி செலவைக் கேட்டு எழுதினான். நான் என்ன எழுதினேன் தெரியுமா?"

"தரையில் நின்று பறிக்கும் வேலைக்கு மட்டுமே," என்றாள் மகள், சாப்பாட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"கரெக்ட்." முடியாது சார் மகளைப் பெருமையாகப் பார்த்தார். "மரம் உசரமா இருந்தா அது எங்க தப்பா?"

அடுத்து, வாடகை ஸ்கூட்டரில் போன புதுமாப்பிள்ளை வந்தார். ஸ்கூட்டருக்கு கவர் இருந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு இல்லை. பிறகு இருட்டியபின் கடலில் இறங்கிய இரண்டு தோழிகள். ஒவ்வொரு கதையின் கடைசி வரியையும் மகள்தான் சொன்னாள். ஓட்டைவாயனுக்குத் தண்ணீர் குடிக்கவே பயமாக இருந்தது. டம்ளரைக் கையில் எடுத்தால் எந்த விதியை மீறியதாகும் என்று தெரியவில்லை.

---

மச்சினனின் அலுவலகச் சுவர் முழுக்கச் சிரிக்கும் இளைஞர்களின் படங்கள். மலை உச்சியில் சிரித்தார்கள், படகில் சிரித்தார்கள், கைக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தும் சிரித்தார்கள். ஏஜென்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க மச்சான் என்னைச் சந்தேகப்படறாரா?" என்றார் வேதனையோடு. "பாலிசி ரத்தானா என் கமிஷனையும் பிடுங்கிக்குவாங்க மேடம். மூணு தடவை பிடுங்கிட்டாங்க. அக்கா பொண்ணுன்னு பார்க்கறேன். வேற யாராவதா இருந்தா அந்தக் குடும்பத்துக்கே பாலிசி போட மாட்டேன்."

ஆக ஒருவர் கழன்றார். ஓட்டைவாயனுக்கு ஏமாற்றம். ஏஜென்ட் குற்றவாளி என்று வரும் வழியிலேயே அவன் தீர்மானித்திருந்தான்.

"எந்தப் பாலிசி நல்லதுன்னு எப்படி சார் பார்த்து எடுக்கறது?" என்றான், சும்மா இருக்க முடியாமல். "எனக்கும் வெளிநாடு போற ஆசை உண்டு."

ஏஜென்ட்டுக்கு உயிர் வந்தது. மூன்று வழவழப்பான அட்டைகளை மேசையில் பரப்பினார். "இது சாதாரணம். கீழ விழுந்தா கவர் உண்டு. இது வைரம். யாராவது தள்ளிவிட்டு விழுந்தாலும் உண்டு. இது வைரம் பிளஸ். தள்ளிவிட்டவன் மேல நீங்க விழுந்து அவனுக்கு அடிபட்டாலும் உண்டு."

"யானை மிதிச்சா?"

"உண்டு. ஆனா யானையை நீங்க கிட்டப் போய்ப் பார்த்திருக்கக் கூடாது."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு மிதிபடணும்."

"அதான் பாதுகாப்பு," என்றார் ஏஜென்ட், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். "ஒண்ணு மட்டும் கேளுங்க தம்பி. போற ஊர்ல என்ன வேலை செய்யப் போறீங்களோ அதைத் தெளிவா சொல்லி எடுங்க. எல்லாரும் டூரிஸ்ட்னு எடுத்துட்டுப் போய் வேலை பார்ப்பாங்க. அடிபட்டா ஒத்தக்காசு வராது. எங்க அக்கா வேற, விவசாய ஆராய்ச்சின்னு போடச் சொன்னாங்க. நான் பழம் பறிக்கிறதுன்னுதான் போட்டேன். ஏணியையும் சேர்த்துத்தான்."

மேடம் இப்போது கேட்டார். "ரத்து பண்ற மெஷின் இருக்கே. அதுல கூப்பிட்டா என்ன ஆகும்?"

"முதல்ல விதிமுறை எல்லாத்தையும் வாசிக்கும். ஒரே ராகத்துல போய்க்கிட்டே இருக்கும். கேக்க வேண்டாம்னா ஒரு பட்டனை அழுத்தித் தாண்டிடலாம். எல்லாரும் தாண்டிடுவாங்க." ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். "அதுலதான் மேடம் ஒரு விசித்திரம். மூணு கம்பெனிக்கும் அந்த மெஷினை நடத்தறது ஒரே இடம்தான். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க இருக்கார், அவரே போன் பண்ணிச் சொன்னார். மூணு தடவையும் அந்த ஆள் தாண்டல. மொத்த விதியையும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுட்டுத்தான் ரத்து பண்ணியிருக்கார். மூணு கம்பெனியிலும். அந்த மெஷினை வெச்ச நாள்லேர்ந்து யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்."

வெளியே வந்ததும் ஓட்டைவாயன் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"மேடம், உலகத்துல பாலிசி விதியைக் கடைசி வரைக்கும் கேக்கக்கூடிய ஆள் ஒரே ஆள்தான். அதை மத்தியான சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிடற ஆள்."

"அவர் நமக்கு பீஸ் கொடுக்கிற ஆள்," என்றார் மேடம்.

"பொண்ணைப் பிரிய மனசில்ல. வெளிய சொல்லவும் வெட்கம். பாலிசியை எடுப்பாரு, ஓட்டை இருக்கான்னு பார்ப்பாரு, ரத்து பண்ணுவாரு. கடைசியில ஒரு துப்பறியும் ஆளை வெச்சுத் தேடினேன், கிடைக்கலைன்னு வீட்ல கணக்கு காட்டிடுவாரு."

மேடம் போனை எடுத்து, கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளை அப்பாவின் ஆபீஸுக்கு வரச் சொன்னார். "அவர்கிட்ட நீ எதையும் சொல்லிடாதே," என்று ஓட்டைவாயனிடம் கண்டிப்பாகச் சொன்னார். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அந்த ஒரு கணம் மேடம் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

---

கிளெய்ம் பிரிவில் இரும்பு அலமாரிகள் கூரை வரை நின்றன. அவற்றுக்கு நடுவே முடியாது சார் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஆள் தெரிஞ்சுதா?"

"நீங்கதான் சார்," என்றான் ஓட்டைவாயன்.

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. மேடம் கண்ணை மூடித் திறந்தார். மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓட்டைவாயன் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டான். ஆனால் முடியாது சாருக்குக் கோபம் வரவில்லை. தொழில் ரீதியாக அவமானப்பட்டவர் போலத்தான் பார்த்தார்.

"நானா ரத்து பண்ணினேன்? தம்பி, நான் நிராகரிக்கிறவன். ரத்து பண்ணா பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். அந்தக் காரியத்தை இந்தப் பிரிவுல யாருக்கும் செய்யத் தெரியாது."

"விதிமுறையைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்களே சார். அது வேற யாரு?"

"நான் எதுக்குக் கேக்கணும்? எல்லா கம்பெனி விதியும் ஒண்ணுதான். எனக்கு மனப்பாடம். நானா இருந்தா முதல் வரியிலேயே தாண்டியிருப்பேன்."

ஓட்டைவாயனின் வாய் திறந்தபடியே நின்றது. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஆள் அவர். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவன் மேடத்தைப் பார்த்தான். மேடத்துக்கு அது எப்போதோ தோன்றியிருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சாருக்குக் கேக்கத் தேவையில்லை," என்றார் மேடம். "மத்தவங்களுக்குக் கேக்கப் பொறுமையில்லை. ஒரே ராகத்துல வாசிக்கிற விதியை யார் கடைசி வரைக்கும் கேப்பாங்க? யாருமே கேக்க மாட்டாங்க. ஆனா அதுவே கதையா இருந்தா? அதுல வர்ற ஆளுங்களை எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

கண்ணாடிக் கடைச் சீருடையோடு மகள் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"உள்ள வாம்மா," என்றார் மேடம். "உன் பெட்டியைப் பார்த்தேன். நான் ஆயிரக்கணக்கான பெட்டி பார்த்தவ. அது ஊர் சுத்தப் போறவ பெட்டி இல்ல. அடிபட்டுக் கிடக்கப் போறேன்னு முடிவு பண்ணினவ பெட்டி. ஆனா அந்தத் தொப்பியை நீ ரூம் கதவைச் சாத்திக்கிட்டு எத்தனை நாள் போட்டுப் பார்த்திருக்கே? போகணும்னு உனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம்."

மகள் அப்பாவைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மெஷின் வாசிக்கும்போது மத்தவங்களுக்குத் தூக்கம் வரும்ப்பா. எனக்கு ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஆள் தெரியும். ஏணின்னு சொன்னா அந்தப் பையன் வந்து நிக்கறான். வாடகை வண்டின்னா அந்தப் புதுமாப்பிள்ளை. கடல்னா அந்த ரெண்டு பொண்ணுங்க. எல்லாரையும் சின்ன வயசுலேர்ந்து நீங்கதான் எனக்கு அறிமுகப்படுத்தினீங்க. இவங்க யாருமே வராத பாலிசி ஒண்ணாவது இருக்கும்னு கடைசி வரைக்கும் கேட்டேன். மூணுலயும் எல்லாரும் வந்துட்டாங்க. வீட்ல எல்லாரும் ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? வயசு வரம்பு முடிஞ்சுட்டா அதுவே நின்னுடும், யார் பேர்லயும் தப்பு வராதுன்னு நினைச்சேன்."

முடியாது சார் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஆடுகிறதா என்று பார்க்கவில்லை.

"உங்க கேஸ் முடிஞ்சுது சார்," என்றார் மேடம் மெதுவாக. "ரத்து பண்ணினது இவங்க. பண்ண வெச்சது யாருன்னு நான் சொல்ல வேண்டாம்னு நினைக்கறேன்."

ஓட்டைவாயனுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகளைச் சிரிக்கவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கதைகள்தான். அவள் கடைசி வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் பயப்படுகிறாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை, தன்னைப் போலவே கெட்டிக்காரி என்றுதான் பூரித்துப் போயிருக்கிறார்.

முடியாது சார் கையை நீட்டி அலமாரிகளைக் காட்டினார்.

"இங்க இருக்கறவங்க எல்லாம் விழுந்தவங்கம்மா," என்றார். "விழுந்தவங்க மட்டும்தான் எனக்கு எழுதுவாங்க. 'சார், ஏணியில ஏறினேன், பழம் பறிச்சேன், பத்திரமா இறங்கிட்டேன்'னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட எழுதல. போயிட்டு நல்லபடியா வந்தவங்கதான் நிறைய பேர். அவங்கள்ல ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. தெரியாததால அவங்க கதையை உனக்குச் சொல்லல. என் மேசைக்கு வந்ததைத்தான் உலகம்னு நான் நினைச்சுட்டேன். உன்னையும் நினைக்க வெச்சுட்டேன்."

"நான் போகலைன்னா?"

"போக வேண்டாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஊர்க்காரங்ககிட்டயும் நானே சொல்லிக்கறேன், இல்லைன்னு சொல்றதுதானே என் தொழில்." அவர் மகளின் முகத்தை நேராகப் பார்த்தார். "ஆனா அந்தத் தொப்பியை ரூமுக்குள்ளயே போட்டுக்கிட்டு நீ உட்கார்ந்திருக்கறதை என்னால பார்க்க முடியாது."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விசா கவுன்டர் மூட இன்னும் நேரமிருந்தது, ஆனால் அதிகமில்லை.

"அப்பா. போய் நான் விழுந்துட்டேன்னா?"

முடியாது சாரின் வாய் தானாகத் திறந்தது. எப்படி விழுந்தாய், எங்கே விழுந்தாய், யார் பார்த்தார்கள், அந்த நேரத்தில் காலில் என்ன செருப்பு போட்டிருந்தாய். வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விகள் அத்தனையும் தொண்டை வரை வந்து நிற்பது ஓட்டைவாயனுக்கே தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் விழுங்கினார்.

"எனக்கு போன் பண்ணு," என்றார். "நீ ஏன் விழுந்தேன்னு கேக்க மாட்டேன்."

அவள் அவர் மேசையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, பாலிசி போடும் மாமாவின் எண்ணை அழுத்தினாள்.